பிள்ளை பெற்றபின் எழுத்து போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 29. முதல் குழந்தை, பெண். ஏழு மாதம் ஆகிறது. கல்லூரி நாளிலிருந்தே சிறுகதை எழுதுவேன். மூன்று கதைகள் இதழ்களில் வந்திருக்கின்றன. ஒரு நாவலும் பாதியில் நிற்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ஒரு பக்கம்கூட எழுத முடியவில்லை. நோட்டைத் திறந்தால் அடுத்த சொல் வருவதில்லை. பேசும்போதே சாதாரணச் சொல் நினைவுக்கு வராமல் "அது... அது..." என்று நிற்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். "பிள்ளை பெத்தவளுக்குப் பாதி புத்திதான்" என்கிறார் அத்தை. கோபத்தில் சொல்வதில்லை, பாசமாகத்தான் சொல்கிறார். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. என் மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

ஒரு நாள் ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுக்கும்போது, "இவள் பிறக்காமல் இருந்திருந்தால் நாவலை முடித்திருப்பேனே" என்று தோன்றிவிட்டது. மறுநாள் முழுக்க அழுதேன். குழந்தை குளிக்கும்போது சிரித்தால் நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த நினைப்பு போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பள்ளியில் என்னை எழுதவைத்தவர் எங்கள் தமிழம்மா. நான் எழுதிக் கொடுக்கும் கதைகளின் கடைசியில் சிவப்பு மையில் "பிறகு?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தருவார். வரும் மே மாதம் ஓய்வுபெறுகிறார். பழைய மாணவிகள் மலர் போடுகிறார்கள். "நீதானே எழுத்தாளர்" என்று முதல் கட்டுரையை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு வரி வரவில்லை. அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?
— செ.க., தேவகோட்டை

பதில்: அன்புள்ள செ.க. அம்மா, நீங்கள் எழுதியிருப்பவற்றில் மூளை கெட்டுப்போனதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று மணி நினைப்பும் உங்களைக் கெட்ட தாயாக்கிவிடாது. எழுத்து திரும்பி வரும். பழைய அளவில், பழைய நேரத்தில் வராது என்பது மட்டும்தான் வேறுபாடு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பிரசவித்த பெண்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மனநல மருத்துவராகச் சொல்கிறேன். ஆனால் இரண்டு மூன்று விஷயங்களை நேரில் பரிசோதித்தாக வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் தைரியம் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை.

முதல் காரணம் தூக்கம். பிறந்த சிசு ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஏழாம் மாதத்தில் அது குறைந்திருக்கும் என்றாலும், இரவில் இரண்டு மூன்று தடவை விழிப்பது வெகு சகஜம். மொத்தத்தில் ஆறு மணி நேரம் படுத்திருந்தேன் என்று நீங்கள் கணக்குச் சொல்லலாம். ஆனால் அறுந்து அறுந்து வரும் ஆறு மணி நேரம், ஒரே மூச்சில் தூங்கும் ஆறு மணி நேரத்துக்கு ஈடாகாது. தூக்கம் இப்படித் துண்டுபட்டால் முதலில் தள்ளாடுவது முன்மூளைப் புறணி (நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, திட்டமிடுவதும் பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைப்பதும் இதன் வேலை). அடுப்பில் பால் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே குழந்தையின் உடையை மாற்றுவதும், ஒரு வாக்கியத்தை மனதில் நிறுத்திக்கொண்டே அடுத்த வாக்கியத்தைத் தேடுவதும் ஏறக்குறைய ஒரே திறனைத்தான் கேட்கின்றன. அதனால்தான் உங்களுக்குப் பால் பொங்கி வழிவதும் கதை நின்றுபோவதும் ஒரே காலத்தில் நடக்கின்றன.

அத்தை சொன்ன 'பாதி புத்தி'க்கும் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் பயம் அங்கேதான் வேர் பிடித்திருக்கிறது. முதன்முறையாகத் தாயாகிறவர்களைக் கருத்தரிப்பதற்கு முன்பும் பிரசவத்துக்குப் பின்பும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016 டிசம்பரில் வெளியானது. ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் உள்ள ஆய்வாளர்கள் செய்தது. சாம்பல் பொருள் (நரம்பு அணுக்கள் செறிந்துள்ள மூளைப் பகுதி) சில இடங்களில் அளவு குறைந்திருந்தது; குறைந்தது இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தது. இந்தப் பாதியை மட்டும் செய்தியில் படித்துவிட்டுப் பயந்து வந்தவர்கள் உண்டு. மீதிப் பாதி இதுதான்: மாற்றம் நடந்த இடங்கள் பெரும்பாலும் அடுத்தவர் மனதை ஊகித்து அறிய உதவும் பகுதிகள். அந்தத் தாய்மார்களின் நினைவாற்றலைச் சோதித்தபோது இழப்பு எதுவும் தெரியவில்லை. மாற்றம் கூடுதலாக இருந்தவர்களுக்குக் குழந்தையின் மேல் ஒட்டுதலும் கூடுதலாக இருந்தது. விடலைப் பருவத்திலும் மூளையில் இப்படி ஒரு சுருக்கம் நடக்கிறது. அதை யாரும் புத்தி குறைந்ததாகச் சொல்வதில்லை, வளர்கிறது என்கிறோம். பேசத் தெரியாத ஓர் உயிருக்குப் பசியா, வலியா, தூக்கமா என்று அழுகையைக் கேட்டே பிரித்தறியும் வேலைக்கு உங்கள் மூளை தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. பிறர் மனதுக்குள் நுழைந்து பார்ப்பது கதை எழுதுகிறவருக்கு இழப்பு என்று என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

இனி இரத்தம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் (53.4 சதவீதம்) இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. பிரசவத்தில் இரத்தம் போயிருக்கும், இப்போது பாலும் கொடுக்கிறீர்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் களைப்பும் மறதியும் வரலாம். பிரசவத்துக்குப் பின் முதல் ஓர் ஆண்டுக்குள் சிலருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி ஏற்பட்டு, முதலில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் சுரக்கும். குறையும் கட்டத்தில் மந்தம், மறதி, காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். மனநோய் என்றே தோன்றும். ஆகவே ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு போதுமான அளவு சுரக்கிறதா என்று காட்டும் சோதனை) இரண்டையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

அடுத்தது மனம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் வரும் அழுகை பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வரும். இரண்டு வாரத்தில் தானே போய்விடும். உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டதால் இது அந்த வகை அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய் என்று ஒன்று உண்டு. முதல் ஓர் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 11 தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பின் அது புதிதாக வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்றும் பார்த்தார்கள். வருமானம் குறைவானவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்து பெண் பெற்றவர்கள், மாமியாரோடோ பெற்றோரோடோ உறவு சுமுகமில்லாதவர்கள், கர்ப்ப காலத்தில் துயரம் கண்டவர்கள், கைவேலைக்கு உதவி இல்லாதவர்கள். இந்தப் பட்டியலைப் பாருங்கள். இதில் எதுவும் பெண்ணின் மனவலிமையைப் பற்றியது அல்ல. அவளைச் சுற்றி இருப்பவற்றைப் பற்றியது. 'மனசைத் திடமா வச்சுக்கோ' என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

உங்களுக்கு அந்த நோய் இருக்கிறதா? கடிதத்தில் இரண்டு நல்ல அடையாளங்கள் தெரிகின்றன. குளிக்கும்போது குழந்தை சிரித்தால் நீங்களும் சிரிக்கிறீர்கள். எழுத முடியவில்லையே என்று வருந்துகிறீர்கள். எழுதும் ஆசையே போய்விட்டது என்று சொல்லவில்லை. மனச்சோர்வு முற்றினால் ஆசைதான் முதலில் போகும். ஆனாலும் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக்கூடாது. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. 1987-இல் உருவானது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாட்கள் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும் கேட்கும். பத்து நிமிடம்கூட ஆகாது. மனநல மருத்துவரிடமோ உங்கள் மகப்பேறு மருத்துவரிடமோ கேட்டு நிரப்புங்கள். நோய் என்று தெரியவந்தால் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தாய்ப்பாலை நிறுத்தாமலே எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகளும் உண்டு. சிகிச்சையில் நன்றாகக் குணமாகும் நோய் இது.

அந்த ராத்திரி நினைப்பைப் பற்றி. 'இவள் பிறக்காமல் இருந்திருந்தால்' என்று வாய்விட்டுச் சொல்லாத தாய்மார்கள் உண்டு. ஒரு தடவையாவது நினைத்துவிட்ட தாய்மார்களும் பலர். நினைப்பு வந்தது, வந்ததற்காக ஒரு நாள் முழுக்க அழுதீர்கள். உங்கள் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அந்த அழுகையே காட்டிவிட்டது. மருத்துவர்களாகிய நாங்கள் பதறுவது வேறு நிலைகளுக்கு: குழந்தையையோ தன்னையோ முடித்துவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருவது, யாரோ பேசுவதுபோல் குரல் கேட்பது, தூக்கமே தேவைப்படாததுபோல் இரவெல்லாம் திரிவது, குழந்தை தன்னுடையதே அல்ல என்று நம்புவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இதை உங்கள் கணவருக்கும் அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் (மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண் 14416. எந்த நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி எழுத்துக்கு வருகிறேன்.

பிள்ளை பெற்றும் எழுதிய பெண்களைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, பொழுது விடியும் முன் எழுந்து எழுதினார். முதல் நாவல் 1970-இல் வந்தது, பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். பெருமைப்படவேண்டிய வாழ்க்கைதான். ஆனால் கைக்குழந்தைக்காரியிடம் அதை முன்மாதிரியாக நீட்டுவதை நான் ஒப்புவதில்லை. நாவல் வந்தபோது அந்தப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தார்கள். உங்களுக்கு இப்போது விடியற்காலை நான்கு மணித் தூக்கம் மருந்து. அதை விற்றுக் கதை வாங்கக்கூடாது.

உங்களுக்குப் பொருந்துகிறவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-இல் பிறந்தவர், சின்னஞ்சிறு வயதிலேயே திருமணம் முடிந்துவிட்டது, பள்ளிப்படிப்பு கிடையாது. அவருடைய முதல் நாடகம் 'இந்திரமோகனா'வை அவர் கையால் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு எழுதப் பழகி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழையும் நடத்தினார். எழுத்து என்றால் மேசை, நோட்டு, தனிமை என்று நாம்தான் பழகிக்கொண்டுவிட்டோம். நம் மரபில் எவ்வளவோ எழுத்து வாயால் சொல்லி வந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவர் உ.வே. சாமிநாதையர்.

அந்த மகாவித்துவான் பாடியவற்றில், குழந்தை வளர்வதைப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழ் நூல்கள் பல. நீங்கள் தமிழம்மாவிடம் படித்தவர்; அந்தப் பருவங்களை மறந்திருக்கமாட்டீர்கள். மூன்றாம் மாதம் காப்பு. ஐந்தாம் மாதம் செங்கீரை, குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் காலம். ஏழாம் மாதம் தால், அதாவது தாலாட்டு. ஒன்பதில் சப்பாணி, உட்கார்ந்து கைகொட்டுவது. பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, தளர்நடையிட்டு வருவது. இரண்டிரண்டு மாதமாக எண்ணிவைத்த இந்த வரிசை, குழந்தை மருத்துவர்கள் வளர்ச்சிப் படிகளைக் குறித்துவைக்கும் அட்டையோடு எவ்வளவு நெருங்கி வருகிறது என்று நான் வியந்திருக்கிறேன். யாரோ குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, நாள் தவறாமல் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பாடி ஏட்டில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெரியாழ்வார் யசோதையின் குரலில் பாடினார். நாளெல்லாம் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தாலாட்டாகப் பாடியதில் பெரும்பகுதி எழுதப்படாமலே போயிற்று. உங்கள் மகளுக்கு இப்போது தால் பருவம். அவளை நீங்கள் பார்க்கிற பக்கத்திலிருந்து, எழுதத் தெரிந்த ஒரு தாய் பார்க்கிறாள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதனால் நாவலை இப்போதைக்குப் பரண்மேல் வையுங்கள். முடிப்பதற்கு அவசரம் எதுவும் இல்லை. தினமும் தேதி போட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள், அல்லது செல்போனில் குரலாகப் பதியுங்கள். குழந்தை மடியில் இருக்கும்போதே செய்யலாம். கதையாக வேண்டாம், அழகாகவும் வேண்டாம். அன்று அவள் செய்த ஒன்று, அல்லது உங்களுக்குத் தோன்றிய ஒன்று. கசப்பான நினைப்பும் எழுதலாம். யாருக்கும் காட்டவேண்டாம், விடுபட்ட நாளுக்கு வருந்தவும் வேண்டாம்.

உள்ளதை உள்ளபடியே எழுதும் இந்தப் பழக்கம் எனக்கு ஒரு பேராசிரியரிடமிருந்து வந்தது. வெளிநோயாளர் பிரிவில் கேஸ் ஷீட் எழுதும்போது, நோயாளியின் முறையீட்டை அவர் சொன்ன வாக்கியத்திலேயே எழுதவேண்டும் என்பார். 'தூக்கமின்மை' என்று எழுதினால் தாளைத் திருப்பித் தந்துவிட்டு, "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். "விடியுற வரைக்கும் ஓட்டை எண்ணிக்கிட்டு கிடக்கேன்" என்றுதான் அந்த அம்மாள் சொல்லியிருப்பார். அவர் நடத்திய வகுப்புகளில் பாதி எனக்கு நினைவில்லை. அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இன்றுவரை தொழில் செய்கிறேன்.

உங்கள் தமிழம்மா விஷயமும் இங்கேதான் வருகிறது. உங்கள் கதை நன்றாக இருக்கிறது, இல்லை என்று அவர் எழுதவில்லை. 'பிறகு?' என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கெடு கிடையாது. மேலே சொன்ன உ.வே.சா.வின் ஆசிரியர் 1876-இல் மறைந்தார். உ.வே.சா. தன் ஆசிரியரின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டது 1933-லும் 34-லும், இரண்டு பாகங்களாக. அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. இடைப்பட்ட ஐம்பத்தேழு ஆண்டுகளில் அவர் ஆசிரியரை மறந்திருந்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் ஏழு மாதம் எழுதவில்லை என்பதற்காக முகத்தில் விழிக்க அஞ்சுகிறீர்கள். இத்தனை ஆண்டுகள் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், அவர்களில் எத்தனை பேர் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றதைப் பார்த்திருப்பார்!

மலரின் முதல் கட்டுரை உங்கள் பொறுப்பு வேண்டாம். பொறுப்பாளர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: முதல் கட்டுரை வேறொருவர் எழுதட்டும், நான் அரைப் பக்கம் தருகிறேன், ஏப்ரல் முதல் வாரம் வரை நேரம் கொடுங்கள். அரைப் பக்கத்துக்கு அவருடைய குணநலன்களைப் பட்டியலிடவேண்டாம். 'அன்பின் உருவம், அறிவின் சிகரம்' எல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். சிவப்பு மையில் அந்த ஒரு சொல் வந்த ஒரு நாளை மட்டும், எந்தக் கதைக்கு வந்தது, அன்று வீட்டுக்குப் போய் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை, குழந்தையைத் தட்டிக்கொண்டே செல்போனில் சொல்லிப் பதியுங்கள். உங்கள் கணவரோ தோழியோ எழுதித் தரட்டும். திருத்த மட்டும் நீங்கள் உட்காருங்கள்.

கணவர் செய்யவேண்டியது அதைவிடப் பெரிய வேலை. வாரத்தில் மூன்று நான்கு இரவுகளாவது முதல் பாதி இரவு குழந்தை அவர் பொறுப்பு. நீங்கள் ஒன்பது மணிக்கே பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் படுத்து, ஒரே மூச்சில் நான்கைந்து மணி நேரம் தூங்கவேண்டும். இடையில் பால் தேவைப்பட்டால் முன்கூட்டியே எடுத்துவைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டலாம். நம் ஊர் வெயிலுக்கு அதை வெளியில் வைக்காமல் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. ஆறு மாதம் முடிந்துவிட்டதால் இணை உணவும் தொடங்கியிருப்பீர்கள். பகலில் அதை ஊட்டும் வேலையை அத்தை எடுத்துக்கொள்ளலாம். பாசமாகப் பேசுகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கேட்டால் மறுக்கமாட்டார். கணியம்பாடி ஆய்வுப் பட்டியலில் கடைசியாக இருந்த 'கைவேலைக்கு உதவி' இதுதான்.

மூன்று வாரம் இப்படித் தூங்கிப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை முடிவையும், அந்தப் பத்துக் கேள்விப் படிவத்தில் வந்த மதிப்பெண்ணையும் எனக்கு எழுதுங்கள். தூக்கம் சரியான பிறகும் அழுகை தொடர்ந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அங்கேயே மனநல மருத்துவரைப் பாருங்கள்.